சொந்த மைதானம்

ஒரு பருவத்து விளையாட்டை, ஒரு நாவலை விமரிசிப்பது போல விமரிசிக்க முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏழெட்டு வாரம் நடக்கிற அந்தக் காரியத்தில் ஆரம்பம் இருக்கிறது, சிக்கல் இருக்கிறது, கடைசியில் ஒரு முடிவும் இருக்கிறது. பாத்திரங்களுக்கும் குறைவில்லை. நாவலுக்கு வேண்டிய இன்னொன்று களம். கதை எந்த ஊரில் நடக்கிறது என்று சொல்ல முடியாத நாவல், எவ்வளவு சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தாலும், மனத்தில் நிற்பதில்லை. 2018-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பருவத்தை, அதிலும் சென்னை அணியின் கதையை, இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

நான் குடியிருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில். தபால் எண் 600028. இந்த எண்ணையே பெயராக வைத்து 2007-ல் வெங்கட் பிரபு ஒரு படம் எடுத்தார். வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். விசாலாட்சி தோட்டத்துப் பையன்கள் ஒரு பக்கம், ராயபுரத்துப் பையன்கள் இன்னொரு பக்கம். ராயபுரத்து அணிக்கு ஆடிய ஒருவன் வீடு மாறி விசாலாட்சி தோட்டத்துக்கு வந்துவிடுகிறான். எதிராளியாக இருந்தவன் எப்படி இந்தத் தெருக்காரன் ஆகிறான் என்பதுதான் கதையின் உயிர். படத்தில் வேறு குறைகள் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தை டைரக்டர் சரியாகப் பிடித்திருக்கிறார். பிறந்த இடம் முக்கியமில்லை. இங்கே குடியிருக்கிறானா, இந்தத் தெருவின் சண்டைகளில் அவனுக்குப் பங்கு உண்டா என்பதுதான் முக்கியம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2008-ல், ஐ.பி.எல். தொடங்கியது. சென்னை அணியை வாங்கிய சிமெண்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்தது இதே 600028-ல்தான், சாந்தோம் நெடுஞ்சாலைப் பக்கம், கற்பகம் அவென்யூவில். டென்னிஸ் பந்தைப் பொறுக்க என் காம்பவுண்டுச் சுவரேறிக் குதிக்கிற பையன்களுக்கும், பல கோடி ரூபாய்க்கு அணி வாங்குகிறவர்களுக்கும் தபால்காரர் ஒருவரே. ஆனால் இரண்டு கிரிக்கெட்டும் ஒன்றையொன்று அறியாமலே பத்து ஆண்டு கழித்துவிட்டன.

இனி 2018-க்கு வருகிறேன். சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு விதித்த இரண்டாண்டு விலக்கு முடிந்து அணி திரும்பிய ஆண்டு அது. ஏப்ரல் 10-ஆம் தேதி, மூன்று ஆண்டுக்குப் பிறகு சேப்பாக்கத்தில் ஓர் ஐ.பி.எல். ஆட்டம். கொல்கத்தா 202 ரன் எடுத்தது. கடைசி ஓவரில், ஒரு பந்து மீதி இருக்கையில், ஜடேஜா அடித்த சிக்ஸரில் சென்னை ஜெயித்தது. உள்ளே இந்தக் கொண்டாட்டம். வெளியே, காவிரி மேலாண்மை வாரியம் எங்கே என்று கேட்டு மறியல். சுப்ரீம் கோர்ட் பிப்ரவரி 16-ல் தீர்ப்புச் சொல்லி, திட்டம் வகுக்க ஆறு வாரம் கெடு கொடுத்திருந்தது. கெடு தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் குடியானவன் தவிக்கும்போது உங்களுக்கு விளையாட்டா என்ற கேள்வி, டிக்கெட் வாங்கியவர்களையும் சுட்டிருக்கும். மைதானத்துக்குள் செருப்பு வீசினார்கள். அது அநாகரிகம்தான், அதை எறிந்த கையை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அநாகரிகம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு என்ன? மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களும் புணேக்குப் போயின. ஓரிரண்டு நாளில் முடிந்துபோன காரியம். பெட்டி படுக்கையைக் கட்டுவது போல ஒரு 'சொந்த மைதான'த்தையே கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதுகாப்புக்காக வேறு வழியில்லை என்றார்கள், இருக்கலாம். என் ஆட்சேபம் போனதைப் பற்றியல்ல. அவ்வளவு சுலபமாகப் போக முடிந்ததைப் பற்றி. வேரோடு இருக்கிற மரத்தைப் பிடுங்கினால் மண்ணும் கூட வரும். இங்கே ஒரு பிடி மண்கூட ஒட்டிக்கொண்டு போகவில்லை.

இந்த இடத்தில் ஜப்பான்காரர்களின் பேஸ்பால் ஞாபகம் வருகிறது. அங்கே சில அணிகளின் பெயரில் ஊரே இருக்காது. முதலாளியின் பெயர் முன்னால் நிற்கும். யோமியூரி என்பது பத்திரிகை. ஹான்ஷின் என்பது ரயில் கம்பெனி. நாம் செய்ததோ நேர்மாறு. ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதிவிட்டுக் கம்பெனியைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். ஆனால் எந்த அணி ஊருக்குச் சொந்தம் என்பதைப் பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஹிரோஷிமா அணுகுண்டில் அழிந்தது 1945-ல்; 1950-லேயே அங்கே ஓர் அணி ஆட வந்துவிட்டது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. அடுத்த ஆண்டு பணம் இல்லாமல் அணி கலையும் நிலை வந்தபோது, மைதான வாசலில் பீப்பாய்களை வைத்தார்கள். ஜனங்கள் சில்லறை போட்டார்கள். அணி பிழைத்தது. லீக் பட்டம் ஜெயிக்க 1975 வரை ஆயிற்று. ஊர் காத்திருந்தது.

ஹான்ஷின் அணியின் சங்கதி இன்னும் சுவையானது. அதன் சொந்த மைதானமான கோஷியென், 1924-ல் அந்த ரயில் கம்பெனியே கட்டியது. இருந்தும் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் ஹான்ஷின் ஆட்டக்காரர்கள் மைதானத்தை விட்டுக்கொடுத்து, ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள். யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்? உயர்நிலைப் பள்ளிப் பையன்களுக்கு! அவர்களுடைய தேசியப் போட்டி அங்கே நடக்கிறது. பருவத்தின் முக்கியமான கட்டத்தில் சம்பளக்காரர்கள் ஒதுங்கி நிற்க, சம்பளமில்லாத பையன்கள் அந்த மண்ணில் ஆடுகிறார்கள்.

நம் அணியும் வெளியூர் போய் ஆடியது. ஜெயித்தது. மே 27-ஆம் தேதி பம்பாயில் இறுதி ஆட்டம். முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்காத வாட்ஸன், கடைசியில் ஆட்டமிழக்காமல் 117 எடுத்தார். அருமையான அத்தியாயம், எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படலாம். ஆனால் அன்று ஆடிய பதினோரு பேரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. இதை மொழி வெறியில் சொல்லவில்லை. ராஞ்சிக்காரரான தோனியை 'தல' என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்ட ஊர் இது. விசாலாட்சி தோட்டத்துப் பையன்களைவிடத் தாராளமான மனசு. என் கேள்வி வேறு. சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன், தமிழ்நாட்டு லீகில் கவனம் பெற்று, 2017-ல் ஐ.பி.எல்.லுக்குப் போனது பஞ்சாப் அணி வழியாக. ஏலம் என்றால் அப்படித்தான் என்பார்கள். ஏலத்தில் பொருளை எடுக்கலாம். வாரிசை எடுக்க முடியுமா?

அப்படியானால் இந்தப் பருவத்தில் சென்னை எங்கேதான் இருந்தது? ரயிலில் இருந்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி சென்ட்ரலிலிருந்து ஒரு ஸ்பெஷல் ரயில் சுமார் ஆயிரம் ரசிகர்களோடு புணேக்குப் புறப்பட்டது. எங்கள் எதிர்வீட்டுப் பையன் அதில் போனான். அவன் அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாட்ஸனின் சதத்தைப் பற்றி அவனிடம் கேட்டேன். அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ரயிலில் யார் யார் எந்தத் தெருக்காரர்கள், யார் பாடினார்கள், யாருடைய சாப்பாட்டை யார் சாப்பிட்டார்கள் என்று அரைமணி நேரம் சொன்னான். காவிரியைப் பற்றியும் பேசிக்கொண்டார்களாம், சண்டைகூட வந்ததாம். மைதானத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் விட்டுவிட்டுப் போன ஊரை, அந்தப் பையன்கள் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இந்தப் பருவத்தைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். முடிவு பிரமாதம்; களம் பொய். களத்தைக் காப்பாற்றியவர்கள் காசு கொடுத்துப் பார்க்கப் போனவர்கள். அவர்களுக்கு அணி பட்ட கடன் கோப்பையோடு தீர்ந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு பத்து நாள், பருவத்தின் நடுவிலேயே, சேப்பாக்கத்தைப் பள்ளிக்கூடப் பையன்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நட்சத்திரங்கள் வெளியூர் போய் ஆடட்டும். நஷ்டம் வரும் என்பார்கள். ஹான்ஷினுக்கும் அது சிரமம்தான். ஆகஸ்டில் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சார், பால்!" என்று ஒரு குரல் கேட்கிறது. எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.