ஆபத்தின் முகமும் ஆபத்தற்ற முகமும்: மாத நாவல் அட்டைகளும் சிவகாசிப் பட்டாசுச் சீட்டுகளும்

தமிழ் வெகுசன நாவல்களின் அட்டைப்படங்கள் இதுவரை இருவகையில் பேசப்பட்டுள்ளன. அவை வாசகரைக் கெடுப்பன என்னும் ஒழுக்கவியல் கண்டனம் பழையது. நினைவேக்கம் கலந்த பாராட்டு அண்மைக்காலத்தது. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், பிரீத்தம் கே. சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது பழைய அட்டைகளையும் உடன் அச்சிட்டது. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய அட்டை கலைப்பொருளாயிற்று. இவ்விரு பார்வைகளும் அட்டையை அது மூடியிருந்த சரக்கிலிருந்து உரித்தெடுத்தே காண்கின்றன. உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி அட்டை என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்னும் வினா எழுவதில்லை. அவ்வினாவைக் கேட்பதற்குச் சிவகாசியே தக்க இடம்.

கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு வண்ண அச்சு வேண்டும். அங்ஙனம் வளர்ந்த அச்சுத்தொழிலே பின்னர் நாட்காட்டி, பட்டாசு லேபிள், சித்திரக்கதை என விரிந்தது. நாடகத் திரைச்சீலை ஓவியராக இருந்து கோவில்பட்டியில் நிலைத்த கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வப்படங்கள் நாட்காட்டிகளில் பரவின. அப்படங்களின் கீழே கடைப்பெயருக்கென வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஒரே முருகன் ஜவுளிக்கடைக்கும் உரக்கடைக்கும் பொதுவாக நின்றான். படத்துக்கும் சரக்குக்கும் பொருள் உறவு தேவையில்லை என்பது இவ்வச்சு மரபின் அடிப்படை.

இம்மரபை அறிந்தபின், கதைக்கும் அட்டைக்கும் தொடர்பில்லை என்று மாத நாவல்கள்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு வலுவிழக்கிறது. அமெரிக்க மரக்கூழ்த்தாள் இதழ்களிலும் நிலைமை வேறன்று. 1930களில் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழுக்கு அட்டை தீட்டிய மார்கரெட் பிரண்டேஜின் ஓவியம் தம் கதைக்கு வாய்க்க வேண்டும் என்பதற்காகவே எழுத்தாளர் சிலர் அதற்கேற்ற காட்சியைக் கதையில் செருகினர் என்பது அவ்விதழைப் பற்றிப் பலரும் குறிப்பிடும் செய்தி. சிவகாசியிலிருந்து 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸிலும், 1984இல் மாடஸ்டி பிளைசியை முன்னிறுத்தித் தொடங்கிய லயன் காமிக்ஸிலும் அட்டை பல வண்ணம்; உள்ளே நெடுங்காலம் கறுப்பு வெள்ளை. வாசகன் முதலில் வாங்கியது வண்ணத்தையே எனலாம். ‘பாக்கெட் நாவல்’, ‘க்ரைம் நாவல்’ அட்டைகளின் துப்பாக்கியும் குருதித்துளியும் மிரண்ட பெண்விழியும் இவ்வகைப்பட்டனவே. அப்பெண்ணுருவைக் குறித்த கண்டனத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆபத்துக்கு உருவம் தேவைப்படும்போதெல்லாம் பெண்ணுடலே அழைக்கப்படுவது தற்செயலன்று.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. மாத நாவல் எவரையும் காயப்படுத்தாத பொருள். சில மணிநேரத்தில் படித்து முடித்து, பயண முடிவில் இருக்கையிலேயே விட்டுச்செல்லத்தக்க தாள்கட்டு. அதற்கு ஆபத்தின் முகம் ஒட்டப்படுகிறது. பட்டாசுப் பெட்டியில் இது தலைகீழாகிறது. உள்ளே இருப்பது வெடிமருந்து. மேலே சிரிக்கும் குழந்தை, தாமரையில் திருமகள், திரைப்பட நடிகையின் சாயலில் ஒரு முகம். அணுகுண்டு, ராக்கெட் எனப் பெயர்களில் போர் முழங்கினாலும் படங்களில் பெரும்பாலும் திருவிழாவே நிகழ்கிறது. புலியும் போர்வீரனும் இடம்பெறும் சீட்டுகளும் உண்டு. அங்கும் வீரம் வெடிப்பவனுக்கு உரியது. மருந்து செலுத்திய கைக்கு அப்படத்தில் இடமில்லை.

அந்தக் கைகள் பெரும்பாலும் சிவகாசி நகருக்கு வெளியே இருப்பவை. வெம்பக்கோட்டை வட்டாரச் சிற்றூர்களில் மானாவாரி வேளாண்மை பொய்த்த குடும்பங்களுக்குப் பட்டாசு ஆலையே கூலி தருமிடம். திரி செருகுதல், தாள் சுற்றுதல், சீட்டு ஒட்டுதல் ஆகியவற்றில் பெண்களே மிகுதி. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அவ்வட்டாரத்து அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். க்ரைம் நாவலின் அட்டை கற்பனையில் தீட்டிய ஆபத்து, பட்டாசின் அட்டை மறைத்த இடத்தில் உண்மையாக நிகழ்கிறது. மிரண்ட பெண்விழியை நாவலின்மேல் அச்சிட்ட அதே அச்சுத்தொழில், அதற்கு உண்மையான காரணம் உள்ள பெட்டியின்மேல் சிரிப்பை அச்சிடுகிறது.

2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தபின் பெட்டிகளில் பசுமை இலச்சினையும் கியூஆர் குறியீடும் சேர்ந்தன. திருமகளுக்கு அருகில் இன்று கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று அமர்ந்துள்ளது. அது புகையைப் பற்றிப் பேசுகிறது. வாங்குவோரின் காற்றுக்குக் கிடைத்த அந்த இடம் செய்வோரின் உடலுக்குக் கிடைக்கவில்லை. ஊர்ப்பெயரும் அவ்வாறே. வாங்குவோர் மனத்தில் பட்டாசு என்றால் சிவகாசிதான். 2022 முதல் நடந்த அகழாய்வால் வெம்பக்கோட்டை செய்தித்தாள்களில் இடம்பெற்றது. சங்கு வளையலும் சுடுமண் உருவமும் அவ்வூரின் பெயரோடு காட்சிக்கு வந்தன. அதே மண்ணில் நாள்தோறும் செய்யப்படும் பொருளுக்கு அப்பேறு இல்லை.

பழைய நாவல் அட்டைகளும் பட்டாசுச் சீட்டுகளும் இப்போது சேகரிப்போரால் ஒரே ஆல்பத்தில் ஒட்டப்படுகின்றன. ஓவியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்கும் அப்பட்டியல்களில் பெட்டிக்குள் இருந்த பொருள் எந்த ஊரில், எவர் கையால் செய்யப்பட்டது என்பதற்கும் ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும்.