ஆதரவும் அச்சமும்: கிறிஸ்தவ மறுமை நம்பிக்கை பற்றிய ஒரு நூலை முன்வைத்து

வெள்ளிக்கிழமைதோறும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தை ஓதி வருகிறோம். அதில் இடம்பெறும் குகைவாசிகள் எதற்காக உறங்கவைக்கப்பட்டார்கள், எதற்காக எழுப்பப்பட்டார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் நின்று நிதானித்து எண்ணிப் பார்த்திருப்போம்? விரிவுரையாளர்களிற் பலர் அவர்களை ஈஸா நபி (அலை) அவர்களின் வழிநின்ற இளைஞர்கள் என்பர். இப்னு கஸீர் (ரஹ்) அவர்களோ அக்காலத்துக்கும் முற்பட்டவர்களாக இருக்கலாம் எனக் கருதுவார். கிழக்கத்தியக் கிறிஸ்தவ மரபில் இவ்வரலாறு எபேசு நகரத்தோடு பிணைந்திருக்கிறது. ரோமப் பேரரசன் டெசியஸின் (249–251) கொடுமைக்குத் தப்பிக் குகை புகுந்தோர், இரண்டாம் தியோடோசியஸின் (408–450) ஆட்சியில் கண்விழித்தனர் என்பது அவர்களின் வழக்கு. 521இல் காலமான சிரியாக் மொழிக் கவிஞர், செரூகு நகரத்து யாக்கோபு, இதுபற்றிச் செய்யுள் வடிவில் ஒரு சொற்பொழிவே இயற்றியிருக்கிறார். அம்மரபில் வரும் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. இளைஞர்கள் விழித்தெழுந்த காலத்தில், இறந்தோர் உடலோடு எழுவார்களா என்ற சர்ச்சை நடந்துகொண்டிருந்ததாம்; அதற்கு விடையாகவே இறைவன் அவர்களை எழுப்பிக் காட்டினானாம். அல்கஹ்ஃபின் 21ஆம் வசனமும், அல்லாஹ்வின் வாக்குறுதி மெய்யென்பதையும் இறுதி நேரத்தில் ஐயமில்லை என்பதையும் மக்கள் அறிந்துகொள்வதற்காகவே அவர்களைப் பற்றிய செய்தி வெளிப்படுத்தப்பட்டது என்கிறது.

இதை நான் தொடக்கத்திலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அகாயித் வகுப்பில் பல ஆண்டுகளாக நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லி வந்தேன்: கிறிஸ்தவர்கள் ஆன்மா வானுலகு செல்வதை நம்புகிறார்கள், நாம் உடல் எழுப்பப்படுவதை நம்புகிறோம் என்று. ஒருநாள் மாணவர் ஒருவர், “அப்படியானால் குகைவாசிகளின் வரலாறு அவர்களிடம் எப்படி வந்தது, ஹஜ்ரத்?” என்று கேட்டார். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. நான் வகுப்பில் சொல்லிவந்தது பிழை என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஓர் ஆங்கிலிக்கப் பேராயரின் நூல்.

என். டி. ரைட் புதிய ஏற்பாட்டு ஆய்வில் பெயர்பெற்றவர். 2003 முதல் 2010 வரை இங்கிலாந்தின் டர்ஹம் மறைமாவட்டத்தின் பேராயராக இருந்தவர். ஈஸா நபியின் உயிர்த்தெழுதல் குறித்து அவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூல் எழுநூறு பக்கங்களைத் தாண்டியது. அதன் சாரத்தைப் பொதுவாசகருக்கு எடுத்துரைப்பதாக 2007இல் லண்டனில் வெளிவந்தது ‘சர்ப்ரைஸ்டு பை ஹோப்’. வெளிவந்து ஆண்டுகள் பல கடந்தும், கிறிஸ்தவர் தம் மறுமைக் கொள்கையைப் பற்றித் தமக்குள் நடத்தும் உரையாடலில் இந்நூல் இன்றும் தவிர்க்க இயலாதது.

நூலின் வாதம் எளிமையானது. இறந்தபின் ஆன்மா வானுலகு செல்வதும் அங்கே என்றென்றும் இருப்பதுமே கிறிஸ்தவ நம்பிக்கை என்று இன்றைய கிறிஸ்தவரிற் பெரும்பாலோர் எண்ணுகின்றனர்; இது அவர்களுடைய வேதத்தின் போதனை அன்று என்கிறார் ரைட். வேதம் கூறுவது ஈரடுக்கான ஒரு பயணம். இறந்தோர் முதலில் இறைவனின் பாதுகாப்பில் இளைப்பாறுகின்றனர். அது இடைநிலை மட்டுமே. பின்னர் உடலோடு எழுப்பப்பட்டு, புதுப்பிக்கப்பட்ட வானத்தின் கீழ், புதுப்பிக்கப்பட்ட பூமியில் வாழ்வர். இறுதி நிலை பூமியைத் துறந்து போவதன்று, பூமியே திருத்தியமைக்கப்படுவது. பர்ஸக் என்னும் சொல்லை அறிந்த நமக்கு இந்த அமைப்பில் வியப்படைய ஏதுமில்லை. வியப்படைய வேண்டியவர்கள் அவருடைய சொந்தச் சபையார்தாம். நூலின் தலைப்பிலுள்ள வியப்பும் அவர்களை நோக்கியதே.

ரைட் இதைச் சொன்ன முதல் மனிதர் அல்லர். 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்கார் குல்மன் ஆற்றிய சொற்பொழிவு இதே வினாவை இன்னும் கூர்மையாக எழுப்பியது. சாக்ரடீஸ் அமைதியாக நஞ்சருந்தி மரணத்தை நண்பனாக வரவேற்றதையும், ஈஸா நபி மரணத்தின் முன் கலங்கியதாகச் சுவிசேஷங்கள் சித்திரிப்பதையும் அவர் அருகருகே நிறுத்தினார். கிரேக்கனுக்கு உடல் ஒரு சிறை; ஆகவே மரணம் விடுதலை. வேதம் அறிந்தவனுக்கோ உடல் இறைவனின் படைப்பு. ஆகவே மரணம் பகை. ஆன்மா இயல்பிலேயே அழிவற்றது என்னும் கொள்கை பிளேட்டோவுடையது, இறந்தோரை இறைவன் எழுப்புகிறான் என்பதே அப்போஸ்தலர்களுடையது என்று அவர் முடித்தபோது, எதிர்ப்பு பெரும்பாலும் கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தது.

இக்கட்டத்தில் தமிழ் வாசகர் தம் மொழியையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். தமிழ்க் கிறிஸ்தவர் வானுலகைக் குறிக்க ‘மோட்சம்’ என்னும் சொல்லை நெடுங்காலமாக ஆண்டு வருகின்றனர். அச்சொல் பிறந்த சமய மரபுகளில் அதன் பொருள் விடுபடுதல்; பிறவியிலிருந்தும் உடலிலிருந்தும் விடுபடுதல். உடலின் உயிர்த்தெழுதலை விசுவாசப் பிரமாணத்தில் வாரந்தோறும் அறிக்கையிடும் ஒரு சமூகம், தன் இறுதி இலக்குக்கு உடலைக் கழற்றியெறியும் பொருளுடைய சொல்லைப் பெயராகச் சூட்டியிருக்கிறது. பிளேட்டோ கிரேக்க மொழி வழியே சபைக்குள் நுழைந்தார் என்று ரைட் வருந்துவார். இங்கே அந்த வேலையை ஒரு தனிச்சொல்லே செய்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எங்கள் தெருக்காரர், காலமானபோது கல்லறைத் தோட்டம் வரை சென்றிருந்தேன். ஆன்மா கூட்டைவிட்டுப் பறந்துவிட்டது, மண்ணில் இடுவது வெறுங்கூடு என்னும் பொருள்படவே உரையாற்றினார்கள். அன்று எனக்கு அது கிறிஸ்தவக் கொள்கையாகவே தோன்றியது. வெறுங்கூட்டை இவ்வளவு கவனத்துடன், பெயர் பொறித்து, ஏன் புதைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

நம்மிடம் இந்த நோய் வேறு வடிவில் வந்து போயிருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் நிறைவு செய்த ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வில் தத்துவவாதிகளின் இருபது கருத்துகளை ஆராய்ந்து, அவற்றுள் மூன்றை மட்டுமே இறைமறுப்பு எனத் தீர்த்தார். உலகம் தொடக்கமற்றது என்பதும், இறைவன் தனித்தனி நிகழ்வுகளை அறியான் என்பதும் அவற்றுள் இரண்டு. மூன்றாவது, நூலின் கடைசிப் பிரச்சினையாக வருவது, உடல்கள் எழுப்பப்படா என்பது. கிரேக்கச் சிந்தனையின் கவர்ச்சியை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எல்லைக்கோட்டைச் சரியாக இந்த இடத்தில் வரைந்தார் என்பதைக் குல்மனும் ரைட்டும் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

இனி வேறுபாடுகள். முதலாவது அடித்தளம் பற்றியது. ரைட்டின் மாளிகை முழுவதும் ஒரே தூணில் நிற்கிறது: ஈஸா நபி சிலுவையில் இறந்து, மூன்றாம் நாள் உடலோடு எழுந்தார் என்பது. ஒருவர் எழுந்ததால் அனைவரும் எழுவர். சிலுவை மரணத்தையே மறுக்கும் அன்னிஸா 157ஆம் வசனத்தை ஏற்ற நமக்கு இவ்வழி இல்லை என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. திருக்குர்ஆனின் வாதம் முன்நிகழ்ந்த ஓர் எழுச்சியிலிருந்து புறப்படுவதன்று, முதற்படைப்பிலிருந்து புறப்படுவது. யாஸீனின் இறுதியில், மக்கிப்போன எலும்பை யார் உயிர்ப்பிப்பார் என்று கேட்டவனுக்கு அளிக்கப்படும் விடை, முதன்முறை அதை உண்டாக்கியவன் யார் என்பதே. அல்கியாமா அத்தியாயம் விரல்நுனிகள் வரை இறங்கிப் பேசுகிறது. ஆயினும், எந்த உடலோடு எழுவர் என்று வினவியவனை மூடனே என விளித்து, பவுல் காட்டும் உவமை மண்ணில் விழுந்த விதை. திருக்குர்ஆன் மீண்டும் மீண்டும் காட்டுவது மழை பெய்து உயிர்பெறும் வறண்ட நிலம். இரண்டு வேதங்களும் மறுப்பாளனை வயலுக்கு அழைத்துச் செல்வதை ஓர் ஒற்றுமையாக மட்டும் குறிப்பிட்டு நகர்கிறேன்.

இரண்டாவது வேறுபாடே எனக்கு முதன்மையானது. கேள்விகணக்கைப் பற்றி இந்நூல் பேசும் முறை என்னை நிறைவுறச் செய்யவில்லை. ரைட் தீர்ப்பு நாளை மறுப்பவர் அல்லர். அதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். ஒடுக்கப்பட்டோர்க்குத் தீர்ப்பு அச்சமன்று, நற்செய்தி என்கிறார். இது உண்மை, நம் மிம்பர்களில் போதுமான அளவு ஒலிக்காத உண்மையுங்கூட. ஆனால் உலகம் சீர்செய்யப்படுவது எவ்வளவு விரிவாகப் பேசப்படுகிறதோ, அவ்வளவு சுருக்கமாகவே தனிமனிதன் தன் ஏட்டைக் கையில் வாங்கும் கணம் பேசப்படுகிறது. நரகம் பற்றிய பகுதி ஓர் அத்தியாயத்தின் ஒரு கூறாகவே அடங்கிவிடுகிறது. இறைவனை விடாப்பிடியாக மறுத்தோர் படிப்படியாக மனிதத் தன்மையையே இழந்து, முன்பு மனிதராக இருந்த ஏதோவொன்றாக எஞ்சுவர் என்பது அங்கே அவர் முன்வைக்கும் ஊகம். வதைக்கூடமாக நரகத்தை வருணிப்பதையும், அனைவரும் தப்புவர் என்பதையும் ஒருசேர விலக்க அவர் கண்ட வழி இது. நரகம் முடிவுறுமா என இப்னுல் கய்யிம் (ரஹ்) ‘ஹாதில் அர்வாஹ்’ நூலில் நிகழ்த்திய நீண்ட ஆய்வைப் படித்தவர்களுக்கு, கடினமான வினாவை உவமையொன்றால் கடந்துபோகிறாரே என்றுதான் தோன்றும். மனிதனாக இல்லாதவனிடம் யார் கணக்குக் கேட்பது? அவனால் அநீதி இழைக்கப்பட்டவன் யாரிடம் தன் உரிமையைப் பெறுவது?

ரைட்டின் நூல் வந்த அதே 2007இல், நவம்பர் 30ஆம் நாள், போப் பதினாறாம் பெனடிக்ட் கிறிஸ்தவ நம்பிக்கை குறித்தே ‘ஸ்பே ஸால்வி’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். சூடானின் தார்ஃபூரில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட பக்கீத்தா என்னும் பெண்ணின் வாழ்வை அதன் தொடக்கத்திலேயே சொல்கிறார் அவர். நம்பிக்கை என்னும் சொல்லை நூலகத்தில் வைத்துப் பேசாமல் சாட்டையடி பட்ட முதுகில் வைத்துப் பேசுவதால்தானோ என்னவோ, தீர்ப்பைப் பற்றிய பகுதியில் அவர் ரைட்டைவிட ஆழமாகச் செல்கிறார். மறுவாழ்வுக்கான மிக வலிய வாதம் நீதியின் தேவையே என்கிறார். கொடுமை செய்தவர்கள், எதுவுமே நடவாததுபோல், தம்மால் வதைக்கப்பட்டவர்களின் பக்கத்தில் அமர்ந்து நிலையான விருந்தை உண்ண முடியாது என்றும் கூறுகிறார். இதைப் படித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ‘முஃப்லிஸ்’ ஹதீஸ் நினைவுக்கு வராத ஆலிம் இருக்க முடியாது. தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் கொண்டு வருகிறான் ஒருவன். ஆனால் ஒருவரை ஏசியிருக்கிறான், ஒருவர் பொருளை விழுங்கியிருக்கிறான், ஒருவரை அடித்திருக்கிறான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படுகின்றன. அவை தீர்ந்தபின் அவர்களின் பாவங்கள் அவன்மீது சுமத்தப்படுகின்றன. பெனடிக்டின் மடலில் பாவியைச் சுட்டுத் தூய்மை செய்யும் நெருப்பு மஸீஹின் பார்வையே. அங்கே பாவியும் தீர்ப்பளிப்பவருமே நேருக்கு நேர் நிற்கின்றனர். முஃப்லிஸ் ஹதீஸில் மூன்றாவது ஆள் ஒருவன் நிற்கிறான்: பாதிக்கப்பட்டவன். அவன் கையில் உரிமை இருக்கிறது. ஹுகூகுல் இபாத் என்று நாம் பாடம் நடத்தும் சொல்லின் முழுக் கனமும் அந்த மூன்றாவது ஆளிடத்தில் இருக்கிறது. ரைட்டிடமும் பெனடிக்டிடமும் நான் தேடிக் காணாதவன் அவனே.

சொல்லாட்சி பற்றி ஒன்று. பழைய தமிழ் வேதாகமம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றைப் பிரித்தது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு முதலாவதை நம்பிக்கை என்றும் இரண்டாவதை எதிர்நோக்கு என்றும் மாற்றியது. நாம் ஈமானுக்கு நம்பிக்கை என்கிறோம். ‘ரஜா’வுக்கு நம் முன்னோர் ‘ஆதரவு வைத்தல்’ என்றனர். இந்த வழக்கு இன்று அருகிவருவது வருத்தமளிக்கிறது. எதிர்நோக்குவதோடு சாய்ந்துகொள்வதும் அதில் அடங்கியிருக்கிறது. ‘இஹ்யா’வில் அச்சத்தையும் ஆதரவையும் ஒரே கிதாபில் சேர்த்தே எழுதினார் இமாம் கஸ்ஸாலி. நல்ல நிலத்தில் நல்ல விதையிட்டு, நீர்பாய்ச்சி, களைபறித்து, பின் விளைச்சலை இறைவனிடம் எதிர்பார்ப்பவனின் நிலையே ஆதரவு; உவர்நிலத்தில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது ஏமாற்றம்; நல்ல நிலத்தில் விதைத்து, நீருக்கு வழிசெய்யாமல் மழைக்குக் காத்திருப்பது வெறும் ஆசை என்று பிரிக்கிறார். இந்த அளவுகோலால் அளந்தால், ரைட்டின் நம்பிக்கை உறுதியாக ஆதரவே. ஆனால் அச்சம் என்னும் மற்றச் சிறகு அதில் மெலிந்திருக்கிறது.

நூலின் கடைசிப் பகுதி நம்மை நோக்கிக் கேள்வி கேட்கிறது. பூமி கைவிடப்படப் போவதில்லை, புதுப்பிக்கப்படப் போகிறது என்றால், இங்கே செய்யும் நற்பணி எதுவும் வீணாகாது என்கிறார் ரைட். ஏழை நாடுகளின் கடன்சுமையை நீக்குவது தம் காலத்தின் பெரும் அறப்பணி என்று மறுமை பற்றிய நூலிலேயே எழுதுகிறார். மறுமையைப் பற்றிய நம் ஜும்ஆ உரைகளில், கப்ரின் இருளும் சுவர்க்கத்தின் ஆறுகளும் வருகின்றன. வட்டியில் மூழ்கிய குடும்பம் வருகிறதா? நான் நிகழ்த்திய உரைகளையும் சேர்த்தே கேட்கிறேன்.

கையில் ஈச்சங்கன்று இருக்கும்போது கியாமத் வந்துவிட்டாலும், முடியுமானால் அதை நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸை முஸ்னது அஹ்மத் பதிவு செய்திருக்கிறது. ரைட் இதைக் கேட்டால், அந்த மரம் புதிய பூமியிலும் ஏதோவொரு விதத்தில் நிற்கும் என்று உடனே சொல்வார். அவர் நூலின் கருத்தே அதுதான். ஹதீஸ் மரத்தின் கதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நடச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.