தூரம் சரி, குவியல் சரியா?

பழைய மண்டையோட்டைக் கண்டதுமே ‘இது இன்ன இனம்’ என்று தீர்ப்பு எழுதிவிடும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. அவர்கள் ஒருமுறையாவது புரட்ட வேண்டிய நூல், முகர்ஜி, சி.ஆர். ராவ், டிரெவர் மூவரும் 1955-இல் வெளியிட்ட ‘ஜெபல் மோயாவின் பண்டைய மக்கள்’.

சூடானின் ஜெபல் மோயாவில் 1910 முதல் 1914 வரை ஹென்றி வெல்கம் தோண்டியெடுத்த எலும்புகள் பின்னர் கேம்பிரிட்ஜுக்கு வந்தன. அவற்றை ஆராய 1946-இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்திலிருந்து ராவும் முகர்ஜியும் போனார்கள். கையோடு கொண்டுபோனது, மகலனோபிஸ் 1936-இல் விரிவாக வகுத்துத் தந்த ‘டி-ஸ்கொயர்’ என்னும் தூரக் கணக்கு.

நான் பாத்திர வியாபாரி. கடை மொழியிலேயே சொல்றேன். குடம் பெரிசா இருந்தா வாயும் அகலும், எடையும் கூடும். இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் ஒரே வித்தியாசத்தை இரண்டு தடவை எண்ணினதாகும். மண்டையோட்டின் நீளம், அகலம், முக உயரம் எல்லாம் அப்படிப் பிணைந்தவைதான். அடுத்தது, ஒரே பட்டறைக் குடங்களிலேயே கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும். அதை அளந்துகொண்ட பிறகுதான் இன்னொரு பட்டறையோடு ஒப்பிடலாம். மகலனோபிஸ் கணக்கு இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. நூலின் பெரும்பலம் இது.

ஆனாலும் எனக்கொரு மனக்குறை உண்டு. அந்த இடுகாட்டின் எலும்புகளை ஒரே மக்கள்தொகுதியாக வைத்துப் பிற நாட்டுத் தொகுதிகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே பல காலகட்டங்களில் மனிதர் வாழ்ந்து புதைத்திருக்கிறார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. பல காலத்துச் சரக்கை ஒரே மூட்டையாகக் கட்டிச் சராசரி பார்த்தா, வருவது எந்தப் பட்டறையிலும் அடிக்காத குடம்! போதாக்குறைக்கு, புதைந்த ஆயிரக்கணக்கானோரில் முழுசா அளக்கும்படி மிஞ்சியவை மிகச் சிலவே. சூத்திரத்தில் பிழையில்லை. குவியலைப் பிரித்துக் கொடுக்க வேண்டியது அகழாய்வாளரின் கால நிர்ணயம். அது தளர்ந்தால் கணக்கும் தளரும்.

இன்னொன்று. இந்தக் கணக்கு தருவது தூரம் மட்டுமே. அதில் உயர்வு தாழ்வு கிடையாது. செத்தவன் பேசிய மொழியும் எலும்பில் எழுதியிருக்காது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளிடம் யாரேனும் மண்டையோட்டைச் சாட்சி வைத்து ‘நீங்க வேற இனம்’ என்றால், அவர்கள் கோபப்பட வேண்டியதில்லை. எத்தனை எலும்பு, எந்தக் காலம், யார் ஒன்றாகச் சேர்த்தது என்று கேட்கட்டும். நம்ம பெருமை பேசும் கட்டுரைகளிடமும் இதே கேள்விகளைக் கேட்கட்டும்.