பொம்மை லேப்

கெமிஸ்ட்ரி லேபைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவதில் லாபம் புரிகிறது. ஆசிட் கொட்டாது, பிப்பெட் உடையாது. ஆனால் கம்ப்யூட்டர் பாடத்துக்கே கம்ப்யூட்டருக்குள் ஒரு ‘மெய்நிகர்’ பரிசோதனை என்றால், மெய்யே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நிகர் எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றும்.

காரணம் இருக்கிறது. ப்ரோக்ராம் ஓடும்போது உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. விடை மட்டும் சட்டென்று வந்து விழும். நடுவில் எந்த எண் எதோடு இடம் மாறியது என்று நிதானமாகக் காட்டினால் முதல் வருட மாணவனுக்குப் பெரிய உபகாரம். மத்திய அரசின் விர்ச்சுவல் லேப்ஸ் திட்டத்துக்காக ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. செய்த டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் பபிள் சார்ட்டைத் திறந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு, பெரியதை வலப்பக்கம் தள்ளித் தள்ளி... அழகாகப் புரிகிறது. இலவசம் வேறு. ராத்திரி பன்னிரண்டுக்கும் திறந்திருக்கும் (எந்த காலேஜ் லேப் திறந்திருக்கும், சொல்லுங்கள்).

என் குறை வேறு. திரையில் கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் எண்களை வைத்துக்கொண்டு விளையாடும்போது எல்லா முறையும் சமர்த்துதான். 8 எண்களுக்கு பபிள் சார்ட் அதிகபட்சம் 28 ஒப்பீடுகள் செய்யும். 1,000 எண்களுக்கு? 4,99,500. மெர்ஜ் சார்ட் அதே வேலையை 10,000-க்குள் முடித்துவிடும். இந்த வித்தியாசம்தான் பாடமே. தியரியில் ஃபார்முலாவாகப் படிக்கலாம்; பொம்மை அளவில் கண்ணுக்குப் படாது.

டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பெக்கர் 1981-லேயே ‘சார்ட்டிங் அவுட் சார்ட்டிங்’ என்று அரைமணிப் படம் எடுத்தார். ஒன்பது முறைகளைக் கடைசியில் 2,500 எண்களோடு ஒரே திரையில் பந்தயம் விடுகிறார். கெட்டிக்கார முறைகள் முடித்துவிட்டு நிற்க, மந்தமானவை ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பட்டன்கூடக் கிடையாது. ஆனாலும் மறக்காது.

அதற்காகப் படம் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. 2002-ல் ஹண்ட்ஹவுசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ மூவரும் 24 ஆய்வுகளைச் சேர்த்து வைத்து அலசினார்கள். திரை என்ன காட்டுகிறது என்பதைவிட, மாணவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. நம் பையன்கள் என்ன செய்வார்கள்? ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அமுக்கிவிட்டு, சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். ‘அடுத்து எது நகரும்?’ என்று கேட்டு, பதில் சொல்கிறவரை அந்த பட்டனைப் பூட்டி வைத்தால் கொஞ்சம் திட்டுவார்கள். திட்டட்டுமே!

இன்னொன்று. இந்த டெமோக்களில் தப்பே நடப்பதில்லை. நிஜத்தில் லூப்பை ஒரு அடி குறைத்து எழுதிவிட்டால், கடைசி எண் மட்டும் யாரும் தொடாமல் அங்கேயே நின்று முழிக்கும். அப்படி ஒரு ஓட்டை லூப்பை வேண்டுமென்றே கொடுத்து, ‘ஏம்ப்பா இது நகரலை?’ என்று கேட்கும் பரிசோதனை ஒன்றைச் சேர்க்கட்டும். முதல் ஆளாக நான் போய் உட்காருவேன்.