கேட்க ஓர் ஆள்

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்கும் தனியார் பள்ளி மாணவரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் 'மார்க்' என்பதே பதிலாக வரும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரைதான் தமிழைக் கட்டாயமாக்கியது. அதற்கு மேல் மொழிப்பாடம் அவரவர் விருப்பம். 'ழ ஸுயி, து ஏ, இல் ஏ' என்று வினைத்திரிபை ஒப்புவித்து நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு, அந்த மொழியில் பேச வீட்டிலும் ஆளில்லை, தெருவிலும் ஆளில்லை. பரீட்சை முடிந்த கையோடு பிரெஞ்சும் போய்விடுகிறது. பிள்ளையின் சோம்பல் இதற்குக் காரணமல்ல. மதிப்பெண்ணுக்காகப் படித்தது மதிப்பெண்ணைத் தந்துவிட்டது, அவ்வளவுதான்.

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களில் மூன்றை மாணவரே தெரிவுசெய்யலாம். பிரெஞ்சு, ஜேர்மன், ஜப்பான், கொரிய மொழிகளும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழிச் சிங்களமும் அந்தத் தெரிவுக்குள் வருகின்றன. ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலையில் இந்தத் தெரிவு தாளோடு நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் கண்டியில், சென்னை வகுப்பறைக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. தலதா மாளிகை வாசலிலிருந்து பேராதனைப் பூங்கா வரை, பிரெஞ்சும் ஜேர்மனும் பேசுகிற சுற்றுலாப் பயணிகள் நடமாடுகிறார்கள். கொரியாவில் வேலைக்குப் போக விரும்பும் இளைஞர்களோ, பாடசாலையை விட்ட பிறகு காசு கட்டி அந்த மொழியைப் படிக்கிறார்கள். கொரிய மொழிப் பரீட்சையில் தேறினால்தான் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் மொழிப்பாடம் என்றாலே விலகி நின்ற பிள்ளையும் அந்த வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். தமிழ்ப் பிள்ளைக்கு அந்த மொழி நெருக்கமாகவும் இருக்கிறது: வினை கடைசியில்தான் வரும், 'பாப் மொகொயோ' என்றால் சொல்லுக்குச் சொல் 'சோறு சாப்பிடுகிறேன்', அப்பாவை அழைப்பதும் 'அப்பா' என்றே. முதல் பாடத்தை இங்கிருந்து தொடங்கும் ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வேலையைக் காட்டி மொழி படிப்பிப்பதும் இன்னொரு மதிப்பெண் ஆசைதானே என்று கேட்கலாம். அப்படியல்ல. மதிப்பெண் விடைத்தாளோடு முடிகிறது. வேலைத்தளத்தில் நாளை ஒருவர் பேசுவார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிங்களமே சரியாக எழுத வராத மலையகப் பிள்ளைக்கு அந்நிய மொழி எதற்கு என்ற கேள்வி இன்னும் கனமானது. ஆனால் அதே பிள்ளைதான் பஸ்ஸிலும் கண்டிச் சந்தையிலும் தடங்கலில்லாமல் சிங்களம் பேசுகிறான். பேச்சைச் சந்தை தந்தது, எழுத்தைப் பாடசாலை தரவில்லை. ஆகவே சிங்களமா, பிரெஞ்சா என்று ஒன்றோடொன்றை மோதவிடுவதில் பயனில்லை. பிரெஞ்சோ ஜேர்மனோ படிக்கும் தரம் 10 மாணவர்கள் மாதம் ஒருமுறை பேராதனைப் பூங்காவுக்குப் போய், வந்திருப்பவர்களுக்கு ஒரு மரத்தைப் பற்றி அவர்களுடைய மொழியில் ஐந்து வசனம் சொல்லட்டும். அதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை, பஸ் கட்டணமும் கூடவே போக ஓர் ஆசிரியரும் போதும்.