சிறுகோடும் நீள்கோடும்

அண்மையில் ஓர் அறநிலையத்தின் ஆண்டறிக்கை நம் பார்வைக்கு வந்தது. தாளும் அச்சும் நன்றாகவே இருந்தன. ஆயினும், "கடை எண் 12-14, வாடகை வரவு" என்ற வரியைக் கண்டு தயங்கி நின்றோம். 12 முதல் 14 வரையுள்ள மூன்று கடைகளா? 12-14 என்னும் எண்ணைத் தாங்கிய ஒரே கடையா? எழுதியவருக்கு ஐயமில்லை, படிப்பவருக்கோ அது தீரவில்லை. வக்ஃபுச் சொத்தின் கணக்கில் ஒரு கடையும் மூன்று கடைகளும் ஒன்றாகிவிடா.

இக்குறையை அவ்வறிக்கையின்மீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று. நம்மவர் வெளியிடும் நூல்களிலும் மடல்களிலும் அழைப்பிதழ்களிலும் இது மலிந்து கிடக்கிறது. சிறுகோடு இணைப்பது, நீள்கோடு பிரிப்பது. முன்னதன் இருபுறமும் இடம் விடலாகாது. பின்னதற்கு இருபுறமும் இடம் விடுதல் நலம். நிக்காஹ் அழைப்பிதழில் 'சாகுல்-ஹமீது' என்றால் அது ஒருவர் பெயர். 'சாகுல் ஹமீது – பாத்திமா' என்றால் மணமக்கள் இருவர். இரண்டுக்கும் ஒரே கோட்டை இட்டால் உறவினர் அறிவர், அயலார் மயங்குவர்.

அரபுப் பெயர்களில் பிழை இன்னும் ஆழமாகிறது. 'அல்' என்னும் முன்னொட்டு அரபு எழுத்தில் அடுத்த சொல்லோடு ஒட்டியே நிற்கும். ஆதலின் 'அல்-காதிர்' என்று சிறுகோடிடுவது மூலத்துக்கு இயைந்தது. 'அல் – காதிர்' என்பதோ ஒட்டி நிற்பதை வெட்டுவதாகும். இவ்வாறு வெட்டிப் பழகியதன் விளைவே, 'அப்துல் காதிர்' என்பவரை 'அப்துல்' என்று மட்டும் அழைப்பது. அங்கே அடிமை எஞ்சுகிறான். எவனுக்கு அடிமை என்பது மறைந்துபோகிறது.

ஓலைச் சுவடிகளில் இக்குறிகள் ஏது என்று வினவுவோர் உளர். உண்மையே. ஆனால் சுவடியைப் பாடம் சொல்ல ஆசிரியர் அருகிருந்தார். செய்யுளின் ஓசையும் வழி காட்டிற்று. அலுவலக மடலுக்கு அத்துணைகள் இல்லை. தட்டச்சுப் பொறியில் ஒரே கோடு இருந்த காலத்தில், அதனையே இருமுறை தட்டி நீள்கோடாகக் கொண்டனர். இன்றைய கணினியில் இரண்டும் தனித்தனியே உள்ளன. இனிப் பொறியைக் குறை கூற இயலாது.

எண்களின் தொடர்ச்சியைக் காட்ட ஆங்கில அச்சகத்தார் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் ஒரு கோட்டை வைத்துள்ளனர். நமக்கு அதுவும் வேண்டுவதில்லை. '12 முதல் 14 வரை' என்று எழுதினால் வழக்குக்கே இடமிராது. வாக்கியத்தை முடிக்கத் தெரியாத இடத்திலெல்லாம் நீள்கோட்டை இழுத்துவிடுவதும் தவிர்க்கத்தக்கது. 'ஆகவே', 'ஆயினும்' என்னும் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன.

அரபியர் தம் உரைநடைக்கு இக்கால நிறுத்தக்குறிகளை முறைப்படுத்த முற்பட்டதும் அண்மைக் காலத்தில்தான். அஹ்மத் ஸகீ பாஷா கெய்ரோவில் அதற்கென ஒரு நூல் எழுதியது 1912இல். ஆனால் திருக்குர்ஆனை ஓதுவோர் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கலாகாது என்பதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே உலமாக்கள் அடையாளம் இட்டுவிட்டனர். நிற்கும் இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். அந்நிறுத்தத்தின் பெயரும் 'வக்ஃபு' என்பதே. ஓதுதலில் அவ்வளவு பேணுதலைக் கற்ற நாம், அப்பெயரே பூண்ட சொத்தின் கணக்கை எழுதுகையில் ஒரு கோட்டைப் பேணலாகாதா?