பத்து சதவீதம் எந்தப் பிரிவில் இருக்கிறது?

கிள்ளையில் வாடகைக் கடையில் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் கேட்டார்: “தம்பி, மூவாயிரம் குடுத்துக்கிட்டிருந்தேன். இனிமே நாலாயிரத்து ஐந்நூறாம். பத்து சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?” நானும் யோசிக்காமல், “இருக்குக்கா” என்று சொல்லிவிட்டேன். ராத்திரி சட்டத்தை எடுத்துப் படித்தால், அப்படி ஒன்று இல்லவே இல்லை.

இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. நகர்ப்புறங்களுக்கான சட்டம் என்றாலும் பேரூராட்சிகளும் அதில் அடக்கம். ஆகவே கிள்ளைக்கும் பொருந்தும், அண்ணாமலை நகருக்கும் பொருந்தும். வாடகையை மாற்றுவது பற்றி 9ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று ஓர் எண்ணையாவது குறிக்கத் தெரிந்த சட்டம், உயர்வுக்கு எண்ணே சொல்லவில்லை. தகராறு வந்தால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் போகலாம். அங்கும் இத்தனை சதவீதம் என்று கிடையாது. பத்து என்பது ஒப்பந்தப் பத்திரம் எழுதுகிறவர்களின் வழக்கம். எழுதி எழுதியே அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண் இருந்தது. நியாய வாடகை என்றால் மனை, கட்டட மதிப்பில் ஆண்டுக்கு குடியிருப்புக்கு 9 சதவீதம், மற்றவற்றுக்கு 12. ஒருமுறை நிர்ணயித்துவிட்டால் புதிதாக ஏதாவது கட்டிச் சேர்த்தாலொழிய ஏற்றுவது கடினம். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வாடகைக்கு விட பயந்து வீட்டைப் பூட்டியே வைத்தவர்களும் உண்டு. அதை மாற்ற வேண்டியிருந்தது, சரி. ஆனால் மாற்றியவர்கள் இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. 4ஆம் பிரிவு ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. (பதினொரு மாதத்துக்கு எழுதினால் எதையும் பதிய வேண்டாம் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்துச் செய்த பழைய தந்திரம். இந்தச் சட்டத்தின் முன் அது செல்லாது.) அந்த ஒப்பந்தம் போடவில்லை என்றால் யாருக்கு நஷ்டம்? 21(2)(அ)-வைப் பாருங்கள்: இரு தரப்பும் ஒப்பந்தம் செய்யத் தவறியதே வெளியேற்றுவதற்கு ஒரு காரணம். தவறியது இரண்டு பேர், காலி செய்வது ஒருவர். எழுதித் தர மறுக்கும் உரிமையாளருக்கு அந்த மறுப்பே ஆயுதமாகிவிடுகிறது. நம் பக்கம் கடைகள் எப்படிக் கைமாறுகின்றன? அட்வான்ஸை எண்ணிக் கொடுப்போம், சாவியை வாங்குவோம், அவ்வளவுதான்.

எண் போட்டுக் கட்டுப்படுத்த முடியாது என்பதும் உண்மையில்லை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் டொராண்டோவில் ஒன்ராறியோ மாகாண அரசு ஆண்டுதோறும் வீட்டு வாடகைக்கு உச்ச சதவீதம் அறிவிக்கிறது, 2025க்கு 2.5. ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அதிலும் ஓட்டை உண்டு: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு உச்சவரம்பு இல்லை. கடைகளுக்கும் இல்லை. இருந்தாலும் வீட்டில் குடியிருப்பவருக்கு கையில் பிடித்துக்கொள்ள ஓர் எண் இருக்கிறது.

மறுநாள் அக்காவிடம் போய், “நான் சொன்னது தப்புக்கா. சட்டத்துல எண் இல்ல. மூணு வருஷத்துக்கு எழுதி வாங்குங்க, வருஷத்துக்கு அஞ்சோ பத்தோ, எவ்வளவு ஏத்தலாம்னு அதுலயே போடச் சொல்லுங்க. அப்புறம் நடுவுல அவரால அதுக்கு மேல கேக்க முடியாது” என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “எழுதிக் குடுங்கன்னு கேட்டா, காலி பண்ணுன்னு சொல்லிட்டாருன்னா?”

21(2)(அ)-வை அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.